ஒன்றரை முதல் மூன்று வரை

2025 ஜூலை 10, வியாழக்கிழமை, காலை எட்டரை மணி. திருவொற்றியூரில், எண்ணூர் விரைவுச் சாலையோரம் உள்ள பவளம் கன்டெய்னர் யார்டின் முதல் கேட்டுக்கு வெளியே இருநூற்றுப் பதினான்கு ட்ரெய்லர்கள் வரிசையில் நின்றன.

அந்த எண் செங்கொடியின் கணினித் திரையில் மேல் மூலையில் தெரிந்தது. ஒரு வண்டி உள்ளே போனால் ஒன்று குறையும். புதிதாக ஒரு வண்டி வந்து நின்றால் ஒன்று கூடும். அதற்குப் பக்கத்திலேயே சிவப்பில் இன்னொரு எண் உண்டு. அன்றைக்கு ரத்தான டோக்கன்கள் எத்தனை என்று அது சொல்லும். அது கூடுமே தவிரக் குறையாது. எட்டரை மணிக்கு அது நான்கு.

செங்கொடி வேலை பார்க்கும் கம்பெனியில் மொத்தமே எட்டுப் பேர். யார்டுக்கு எதிர்ச்சாரியில், டயர்க் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. யார்டுக்கு வரும் வண்டிகளுக்கு வரிசை எண் கொடுக்கும் மென்பொருள் அவர்களுடையது. வரிசையின் கடைசியில் வந்து நின்றதும் டிரைவரின் போனுக்கு ஒரு டோக்கன் வரும். அதிலிருந்து அந்தப் போன், தான் எங்கே இருக்கிறேன் என்று அவ்வப்போது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அரை மணி நேரம் அதனிடமிருந்து ஒரு தகவலும் வரவில்லையென்றால், வண்டி வரிசையை விட்டுப் போய்விட்டது என்று மென்பொருள் முடிவுகட்டி டோக்கனை ரத்து செய்துவிடும். டிரைவர் மறுபடியும் கடைசிக்குப் போய் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பதினெட்டு மணி நேரம் நின்றவன் இன்னொரு பதினெட்டு மணி நேரம் நிற்க வேண்டும்.

வண்டி எங்கேயும் போயிருக்காது. போனில் சார்ஜ் தீர்ந்திருக்கும். இல்லையென்றால், ஐந்தடுக்காக வைத்த கன்டெய்னர்களை ஒட்டி வரிசை வளையும் இடத்தில் சிக்னல் செத்திருக்கும். அதுவும் இல்லையென்றால், சார்ஜ் போடக் கொடுத்த போன் சாலைக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் அணைந்து கிடந்திருக்கும்.

இதற்கான திருத்தத்தைச் செங்கொடி எழுதி முடித்துப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. நாற்பத்திரண்டு வரிகள். போன் பேசாமல் போனால், மென்பொருள் முன்னால் நிற்கும் வண்டியையும் பின்னால் நிற்கும் வண்டியையும் பார்க்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு ட்ரெய்லர் நிற்கும் அளவு இடம் இருந்தால், அந்த வண்டி அங்கேதான் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும். அந்த வரிசையில் காரணமில்லாமல் ஓர் ஆட்டோ நுழையும் இடத்தைக்கூட யாரும் விடமாட்டார்கள். இது செங்கொடிக்குத் தெரியும். எண்ணூர் சாலையில் போய்வரும் எல்லோருக்குமே தெரியும்.

யோசனை அவளுடையதுகூட இல்லை. உசேன் என்கிற டிரைவருடையது. மே மாதம் ஒரு நாள் டோக்கன் பறிபோன கோபத்தில் கேட்டின் புகார் ஜன்னலுக்கு வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்டார்: "போனு சொன்னா நம்புவே. முன்னாடி நிக்கறவன் சொன்னா நம்ப மாட்டே, பின்னாடி நிக்கறவன் சொன்னா நம்ப மாட்டே. இன்னா மிஷினுமா இது?" அன்றைக்கு ஜன்னலில் உட்கார்ந்திருந்தது செங்கொடி. பேருந்தில் வீட்டுக்குப் போகும்போதே அதைப் பாதி எழுதிவிட்டாள், மனத்துக்குள்.

எழுதுவது அவளுக்கு எப்போதும் கஷ்டமாக இருந்ததில்லை. வெளியிடுவதுதான் கஷ்டம்.

பிப்ரவரிக்கு முன்னால் அதுவும் கஷ்டமாக இருந்ததில்லை. பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் ஒரு சின்ன மாற்றத்தை வெளியிட்டாள். பதினைந்து நிமிட வேலை, யோசிக்கக்கூட இல்லை. அதில் இரண்டு வண்டிகளுக்கு எண்பத்தெட்டு என்ற ஒரே எண் போய்விட்டது. இரண்டு வண்டிகளும் ஒரே நேரத்தில் கேட்டில் மூக்கை நுழைத்தன. ஒரு டிரைவர் ஜாக்கி லீவரை எடுத்தான். இன்னொருவனுக்கு நெற்றியில் நான்கு தையல். கேட்டை ஐந்து மணி நேரம் மூடினார்கள்; வரிசை எர்ணாவூர் வரை போயிற்று. கம்பெனி யார்டுக்கு எழுதிக் கொடுத்த அறிக்கையில் 'மனிதத் தவறு' என்று இருந்தது. மனிதர் யார் என்று எழுதவில்லை. அடுத்த வாரம் நெற்றியில் பிளாஸ்திரியோடு அந்த டிரைவர் ஜன்னலுக்கு வந்து தன் டோக்கன் நிலவரம் கேட்டான். அவனுக்கு இவள் யாரென்று தெரியாது. அறுபத்திரண்டு என்று சொன்னாள். தேங்க்ஸ் சிஸ்டர் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு யார்டு சில விதிகளைப் போட்டது. காலை பத்து மணிக்கு முன்பும் மாலை மூன்று மணிக்குப் பின்பும் எதையும் வெளியிடக் கூடாது, அப்போது ஷிஃப்ட் மாறும். வெள்ளி, சனி, ஞாயிறு கூடாது. ரத்தான டோக்கனைக் கையால் திருப்பிக் கொடுக்கவே கூடாது. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தேதி போட்ட அனுமதிக் கடிதம் வேண்டும். இவை எழுத்தில் இருந்தவை. எழுத்தில் இல்லாமல் ஒன்று இருந்தது. கடிதத்தில் கையெழுத்துப் போடும் யார்டு மேலாளர் வேலப்பன், ராகு காலத்தில் எதையும் தொட விடமாட்டார்.

அதனால், அந்த எட்டுப் பேருக்கும் தலைவரான தண்டையார்பேட்டை யாசின், தினக் காலண்டர் அட்டையிலிருந்து ராகு காலப் பட்டியலை வெட்டித் தன் மேசைக்கு மேலே ஒட்டியிருந்தார். அதற்குக் கீழே மசூதியில் கொடுத்த தொழுகை நேர அட்டை. ஜூனியராகச் சேர்ந்த வெற்றி புதிதாக வருகிறவர்களிடம் அதைக் காட்டுவான். "ரெண்டு அட்டைக்கும் நடுவுல கேப்பு கெடச்சா, அதான் நம்ம ரிலீஸ் டைமு."

வியாழக்கிழமை ராகு காலம் ஒன்றரை முதல் மூன்று வரை. ஆக, அன்று கேப்பு பத்து மணியிலிருந்து ஒன்றரை மணி வரை.

பத்தே கால் மணிக்கு யாசின் செங்கொடியின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"லெட்டர் வந்துடுச்சு. இன்னிக்குத் தேதி போட்டு. போட்டுடுவேல்ல?"

"ஒரே ஒரு தபா டெஸ்டு ஓட்டிடறேன்ணா."

"நேத்தும் அதான் சொன்னே."

"நேத்து இருவத்தொம்போது டெஸ்டுதான் இருந்துச்சு. இப்ப முப்பத்தொன்னு கீது."

யாசின் தன் மேசைக்குத் திரும்பிப் போனார். அவர் எப்போதுமே எதுவும் சொல்வதில்லை. பிப்ரவரியிலும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு சண்டையாவது போட்டிருக்கலாம் என்று செங்கொடி பல தடவை நினைத்ததுண்டு.

பக்கத்து மேசையிலிருந்து வெற்றி எட்டிப் பார்த்தான். "அக்கா, வெளிய ட்ரெய்லரே நகருது. நீ நகர மாட்டேங்கிறியே."

"மூடிகினு உன் வேலையப் பாரு."

"என் வேலையே நீ போட்டப்பறம் பாக்கறதுதானேக்கா. பத்தொம்போது நாளா குந்திகினு கீறேன்."

வெளியிடுவதற்கான பொத்தான் திரையின் கீழே பச்சையாக இருந்தது. இரண்டு பேர் சரிபார்த்து ஒப்புதல் கொடுத்தாகிவிட்டது. இனி யாரும் செய்ய எதுவுமில்லை, அவள் ஒரு விரலை அசைப்பதைத் தவிர. செங்கொடி விரலை அசைக்கவில்லை. இருபத்தாறாவது வரியைப் படித்தாள். நேற்று படித்ததுதான். முந்தாநாளும். வண்டியின் நீளம் ஐம்பத்தைந்து அடி என்று வைத்திருந்தாள். போன் காட்டும் இடத்தில் இருபது அடி முன்பின் பிசகலாம். முன்னால் நிற்பவனின் போன் இருபது அடி முன்னால் காட்டி, பின்னால் நிற்பவனின் போன் இருபது அடி பின்னால் காட்டினால்? இல்லாத வண்டி இருப்பதாகிவிடாதா? அப்படியானால் என்ன ஆகும்? போய்விட்ட ஒருவனின் டோக்கன் சும்மா இருக்கும். அவன் திரும்பி வருவான், தன் எண்ணைக் கேட்பான், நடுவில் நுழைவான். ஜாக்கி லீவர்.

இதற்கு டெஸ்ட் இருந்தது. பதினேழாவது டெஸ்ட். ஓட்டினாள். பச்சை காட்டியது. இருபதை இருபத்தைந்தாக்கி ஓட்டினாள். பச்சை. இருபத்தேழாக்கினாள். பச்சை. பச்சையைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு எரிச்சல்தான் கூடியது. பிப்ரவரியிலும் எல்லாம் பச்சையாகத்தான் இருந்தது. தப்பு எங்கே என்று தெரிந்தால் திருத்திவிடலாம்; தப்பே இல்லை என்று சொல்லும் திரையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மணி பதினொன்றே முக்கால். சிவப்பு எண் ஒன்பதாகியிருந்தது. அவள் எழுந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

கேட்டின் புகார் ஜன்னலில் கம்பெனி ஆட்கள் முறைபோட்டு உட்கார வேண்டும் என்பது ஒப்பந்தம். வியாழக்கிழமை பன்னிரண்டு முதல் ஒன்று வரை செங்கொடியின் முறை. ஜன்னல் என்றால் தகர ஷெட்டில் கம்பி போட்ட ஓர் ஓட்டை. உள்ளே ஒரு மேசை, ஒரு ஃபேன், ஒரு ஸ்விட்ச் போர்டு. அதில் எந்நேரமும் டிரைவர்களின் போன்கள் கொத்தாகத் தொங்கும்.

பன்னிரண்டு பத்துக்கு உசேன் வந்தார். ஐம்பத்து மூன்று வயது. தலையில் துண்டைச் சுற்றியிருந்தார்.

"இன்னாமா, எப்டி கீறே?"

"கீறேன் பாய். நம்பர் இன்னா இப்போ?"

"முப்பத்தொன்னு. நேத்து சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்து நின்னேன். போனு வேற செத்துகினு கீது பாரு." கம்பிக்கு வெளியிலிருந்து போனைத் திருப்பிக் காட்டினார். ஏழு சதவீதம். போனின் முதுகு வீங்கி, ரப்பர் பேண்டு போட்டிருந்தது.

"வண்டில சார்ஜர் இல்லியா?"

"இன்ஜினு ஓடனாத்தான் சார்ஜரு. ஓட்னா டீசலு. டீசலுன்னா ஓனரு போன் பண்ணி என் பரம்பரையையே இழுப்பான். அந்தப் போன எடுக்கறதுக்காவது சார்ஜு வேணாமா?" சிரித்தார்.

செங்கொடி தன் போனைப் பிடுங்கிவிட்டு அவருடையதைச் செருகினாள்.

"உங்கூட கிளீனர் யாரும் வர்லியா பாய்?"

"எவன் வரான் இப்பல்லாம்? ஒண்டி ஆளுதான். வண்டிய விட்டுட்டு ஒண்ணுக்கு போறதுக்கே பக்கத்து வண்டிக்காரன்கிட்ட சொல்லிகினு போவணும்." துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள எறக்கிட்டேன்னா ராத்திரி வூட்டுக்குப் பூடுவேன். நாளைக்குக் காலைல பொண்ணு நவ்ரீன காலேஜ்ல சேக்கணும். பத்து மணிக்கு. அப்பா வந்து கையெழுத்துப் போடணுமாம்."

"இன்னா குரூப்பு?"

"கம்ப்யூட்டருதான். உன்ன மாதிரி." கம்பியில் சாய்ந்துகொண்டார். "ஆமா, அந்த முன்னாடி நிக்கறவன், பின்னாடி நிக்கறவன் மேட்டரு இன்னா ஆச்சு? எழுதுறேன்னியே."

"எழுதிட்டேன் பாய்."

"அப்டிப் போடு! அப்ப இனிமே போனு செத்தாலும் டோக்கன் சாவாதா?"

"இன்னும் போடல. ரெடியாத்தான் கீது. போடல."

உசேன் கம்பியிலிருந்து நிமிர்ந்தார். "ரெடியா கீது, போடல. அப்டீன்னா இன்னாமா அர்த்தம்? பிரியாணிய தம்மு பிரிச்சு வெச்சுகினு பரிமாறாம கீறியா?"

"இல்ல பாய், எதுனா தப்பாயிட்டா..."

"இப்ப மட்டும் இன்னா சரியா கீது?"

அவள் சார்ஜில் கிடந்த அவருடைய போனைப் பார்த்தாள். பத்து சதவீதம். பன்னிரண்டு நாற்பதுக்கு வரிசை நகர்ந்து, பின்னால் நின்றவன் ஹாரனை அடித்துத் தீர்த்தான். உசேன் போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். பதினான்கு சதவீதம் வரைதான் ஏறியிருந்தது.

ஒன்று ஐந்துக்கு அவள் மாடிக்குத் திரும்பினாள். அடுத்த முறை வெற்றியுடையது. அவன் சாப்பாட்டு டப்பாவோடு இறங்கிக்கொண்டிருந்தான். "போட்டுட்டு போன் பண்ணுக்கா, ஜன்னல்லயே கொண்டாடிடறேன்" என்று படியில் கத்திவிட்டுப் போனான்.

யாசின் பட்டியலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். தொழுகைக்குப் போகாமல் காத்திருக்கிறார் என்பது செங்கொடிக்குப் புரிந்தது. "இருவது நிமிஷம் இருக்கு" என்றார்.

"டெஸ்டு மொத்தமும் ஒரு தபா ஓட்டிட்டு உடனே போட்டுடறேன்."

"காலைல ஓட்டுனே."

"அதுக்கப்பறம் ஒரு நம்பர மாத்திப் பாத்தேன். திரும்பப் பழையபடி வெச்சிட்டேன். இருந்தாலும்."

முப்பத்தொரு டெஸ்டும் ஓடி முடிய பதினான்கு நிமிடம் ஆகும். அது அவளுக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொண்டேதான் தொடங்கினாள். ஒவ்வொன்றாகப் பச்சை விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு தடவை உள்ளங்கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். எண்ணூர்ப் பக்கக் காற்று நாறியதால் யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள். ஒன்று இருபத்தாறுக்கு முப்பத்தொன்றாவதும் பச்சையானது.

யாசின் நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"ஒன்றரை ஆகப் போவுதுண்ணா" என்றாள் செங்கொடி.

"நாலு நிமிஷம் இருக்கு."

"போட்டுக்கினு இருக்கும்போதே ராகு காலம் ஆரம்பிச்சிடும். வேலப்பன் சார் கத்துவாரு. மூணு மணிக்கு மேல யார்டே ஒத்துக்காது. திங்கக்கிழம பாத்துக்கலாம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவள் காதில் விழுந்தது.

அவளுடைய அப்பா பீம்ராவ் முப்பத்தொரு வருடம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், சங்கத்து ஆள். வியாசர்பாடியில் அவர்கள் வீட்டுச் சுவரில் புத்தர் படமும் தேதி மட்டும் காட்டும் காலண்டரும் உண்டு. நல்ல நேரம், கெட்ட நேரம் போட்ட காலண்டர் அந்த வீட்டுப் படி ஏறியதில்லை. செங்கொடியின் கல்யாணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை முதல் ஆறு வரை ராகு காலத்தில் நடந்தது. பத்திரிகையிலும் அப்படியே அச்சடித்தார்கள். தெரியாமல் எழுதிவிட்டார்களோ என்று அச்சகத்துக்காரர் மூன்று தடவை போன் செய்து கேட்டார். மூன்றாவது தடவை போனை எடுத்தது செங்கொடிதான். தெரிந்துதான் எழுதினோம், அப்படியே போடுங்க என்றாள்.

யாசினுக்கு இது தெரியும். அந்தக் கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதியவர்.

"நா சொன்னா, யார்டு பார்ட்டி கோவிச்சுக்குவான்னு சொல்லுவேன்" என்றார் மெதுவாக. "நீ எதுக்கு இதச் சொல்றே?"

"ரூல் அதானேண்ணா."

"சரி." எழுந்தார். தொப்பியை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கதவு வரை போய்த் திரும்பினார். "பத்தொம்போது நாள்ல மூணு லெட்டர் வாங்கிட்டேன் செங்கொடி. நாலாவது நீயே போய்க் கேளு. என்னால முடியாது." அவர் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை.

சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். மூடினாள். திங்கட்கிழமை வரை இனி யாரும் அவளை எதுவும் கேட்க முடியாது. அப்படி ஒரு நிம்மதி வர வேண்டும், முன்பெல்லாம் வந்தது. இப்போது வரவில்லை. தன் மேல் வெறுப்புத்தான் வந்தது. பயந்தேன் என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லக்கூடப் பயந்து, தன் வீட்டில் நுழைய விடாத ஒன்றின் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

ஒன்று ஐம்பத்திரண்டுக்குச் சிவப்பு எண் பன்னிரண்டிலிருந்து பதின்மூன்றாகியது.

அதன் மேல் அழுத்தினால் வண்டி எண் வரும். அழுத்தினாள். வரிசையில் ஒன்பதாவது வண்டி. கடைசித் தகவல் வந்தது ஒன்று இருபத்திரண்டுக்கு. டிரைவர் பெயர் உசேன்.

எட்டாவது வண்டியும் பத்தாவது வண்டியும் திரையில் தெரிந்தன. இரண்டுக்கும் நடுவில் ஐம்பத்தெட்டு அடி இடம் இருந்தது. நாற்பத்திரண்டு வரிகள் உள்ளே போயிருந்தால் அந்த ஐம்பத்தெட்டு அடியைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்திருக்கும். ஒன்று இருபத்தாறுக்கு எல்லாம் பச்சை. ஒன்று இருபத்தாறுக்குப் போட்டிருந்தால் போதும்.

போன் அடித்தது. வெற்றி.

"அக்கா, உசேன் பாய் வந்து நிக்கிறாரு."

"பாத்தேன்."

"கத்த மாட்டேங்கிறாருக்கா. கத்துனாக்கூட பரவால்ல. சும்மா நிக்கிறாரு. எனுக்கு பேஜாரா கீது. கையால திருப்பிக் குடுக்க முடியாதாக்கா, ஒரே ஒரு தபா?"

"அதுக்கு வழியே இல்லடா. பிப்ரவரிலயே எடுத்துட்டாங்க."

யாரால் எடுக்க வேண்டிவந்தது என்பதை இருவரும் சொல்லவில்லை. போனில் பின்னணியில் ஹாரன்கள் கேட்டன. ஒன்பதாவது இடத்திலிருந்து ஒரு ட்ரெய்லரை வெளியே எடுக்க முன்னும் பின்னும் நான்கு வண்டிகளை நகர்த்த வேண்டும்.

"இன்னா சொல்ல அவுருகிட்ட?" என்றான் வெற்றி.

செங்கொடி போனை வைத்தாள். அனுமதிக் கடிதத்தைத் திறந்து படித்தாள். '10.07.2025 அன்று வரிசை மென்பொருளில் மாற்றம் செய்ய அனுமதிக்கப்படுகிறது.' கீழே கையெழுத்து. இரண்டு ஐந்துக்கு வேலப்பனைக் கூப்பிட்டாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சார், செங்கொடி பேசறேன். வரிசை ஆப்புல அந்த டோக்கன் திருத்தத்தை இப்ப போடறேன்."

"இப்பவா? என்னம்மா நீ, மணி என்ன?"

"ரெண்டு அஞ்சு சார்."

"ராகு காலம்மா. பிப்ரவரில பட்டது போதாதா?"

"பிப்ரவரில நான் போட்டப்ப காலைல பதினொன்றரை சார். செவ்வாக்கிழம. ராகு காலம் மூணு மணிக்குத்தான்."

அந்தப் பக்கம் மெல்லுகிற சத்தம் நின்றது. "அது நீதானா?"

"நான்தான் சார்."

"திங்கக்கிழமை பாத்துக்கலாம்மா. எதுக்கு வம்பு?"

"லெட்டர்ல இன்னிக்குத் தேதி இருக்கு சார். நேரம் எதுவும் போடல."

"அதெல்லாம் லெட்டர்ல எழுதுற விஷயமாம்மா?"

"எழுதலதானே சார். அதான் போடறேன்."

அவர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவள் போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள். யாசினுக்கு ஒரு செய்தி அனுப்பினாள்: 'இப்போது போடுகிறேன்.' அவர் தொழுகையை முடித்து வெளியே வந்திருக்க வேண்டும்; ஒரு வார்த்தையில் பதில் வந்தது: 'போடு.'

தைரியம் வந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. இருபத்தாறாவது வரி கண்ணில் பட்டது. ஐம்பத்தைந்து அடி, இருபது அடி, எண்பத்தெட்டு, நான்கு தையல் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஒரு தடவை மட்டும் டெஸ்டை ஓட்டிவிட்டால் என்ன என்று கை அந்தப் பக்கம் போயிற்று. பதினான்கு நிமிடம். சிவப்பு எண் பதினான்காகியது. யாரென்று அவள் பார்க்கவில்லை.

"சனியன்" என்று சத்தமாகச் சொன்னாள். யாரை என்று தெரியாமல் பக்கத்து மேசைக்காரர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பொத்தானை அழுத்தினாள். மணி இரண்டு பதினேழு.

வெற்றிக்குப் போன் செய்தாள். "போட்டுட்டேன். கேட்டையே பாத்துகினு இரு. ரெண்டு வண்டி ஒரே நம்பரோட வந்தா உடனே சொல்லு."

"பாய் கிட்ட?"

"இனிமே போனு செத்தாலும் டோக்கன் சாவாதுன்னு சொல்லு. செத்தது வராதுன்னு சொல்லு." நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, "வேணாம். இரு. நானே வரேன்" என்றாள்.

அவள் இறங்கிப் போவதற்குள் உசேன் வண்டியை வரிசையிலிருந்து உருவி, யூ டர்ன் அடித்து, எண்ணூர்ப் பக்கமாக, வரிசையின் கடைசிக்குப் போய்விட்டிருந்தார். ஜன்னலில் அவருடைய போன் மட்டும் ரப்பர் பேண்டோடு சார்ஜில் தொங்கியது. வெற்றி அதை எடுத்துக்கொண்டு பைக்கில் பின்னால் போனான்.

மூன்று மணி பத்து நிமிடத்துக்கு ஒரு பிழை தெரிந்தது. கேட்டின் மேலுள்ள விளக்குப் பலகையில், போன் பேசாத வண்டிகளின் எண்கள் மட்டும் விடுபட்டுப் போயின. முப்பத்தொரு டெஸ்டில் எதிலும் பலகை இல்லை. காவலாளி பேப்பரில் எண்களை எழுதிப் பிடித்துக்கொண்டு நின்றார். செங்கொடி பதினொரு நிமிடத்தில் அதைத் திருத்தினாள். மூன்று மணி விதியை மீறி அதையும் வெளியிட்டாள். யாசின் பக்கத்தில் நின்று பார்த்தார். தகராறு எதுவும் நடக்கவில்லை.

வியாழக்கிழமை இரண்டு பதினேழிலிருந்து வெள்ளிக்கிழமை இரண்டு பதினேழு வரை முப்பத்தெட்டு வண்டிகளின் போன்கள் அரை மணி நேரத்துக்கு மேல் பேசாமல் இருந்தன. அவற்றில் முப்பத்தாறு டோக்கன்கள் நிலைத்தன. இரண்டு ரத்தாயின, அந்த இரண்டு வண்டிகளும் உண்மையிலேயே வரிசையை விட்டுப் போயிருந்தன.

திங்கட்கிழமை வேலப்பனிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. இனிமேல் அனுமதிக் கடிதங்களில் தேதியோடு நேரமும் குறிப்பிடப்படும் என்று அதில் இருந்தது.

உசேனின் வண்டி வெள்ளிக்கிழமை காலை பதினொன்று நாற்பதுக்கு யார்டுக்குள் போனது. நவ்ரீனுடன் கல்லூரிக்கு அவளுடைய அம்மா காத்தூன் பீவி போனார். அப்பா வர வேண்டும் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். அடுத்த புதன்கிழமை வரச் சொன்னார்கள்.